நீ சிவந்தாய், நாங்கள் சம்மதம் என்றோம்

அம்மு,

“உங்களுக்குத் தெரியும்ல அப்பா?” என்று ஒரே ஒரு வரி அனுப்பிவிட்டு போனை அணைத்துவிட்டாய். தெரியும். உன் அம்மா அப்போது சமையலறையில் இருந்தாள்; நம் வீட்டுக் கூடத்தில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த பதினைந்து பேரில், உன் முகம் எதற்காகச் சிவந்தது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கையில் கேசரித் தட்டை வைத்துக்கொண்டு, ஸ்பூனால் முந்திரியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா உன் துணிகளை எடுத்துக்கொண்டு மேடவாக்கத்தில் நீ தங்கியிருக்கும் ஹாஸ்டலுக்கு வருகிறாள். இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். மன்னிப்புக் கேட்டு அப்பா எழுதியிருக்கிறார் என்று நினைத்துப் பிரிக்காதே. எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் அந்தப் பணிவெல்லாம் வரவில்லை. யார் மேல் எவ்வளவு கோபம் என்று எழுதி முடித்தால்தான் எனக்கே தெரியும். அதில் பெரும் பங்கு யாருக்கு என்று நீ இப்போதே ஊகித்திருப்பாய்.

நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உன் அத்தை இப்போது ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். குன்றத்தூரிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். என் அக்கா, அதாவது உன் அத்தை கொண்டுவந்த சம்பந்தம். காலையில் நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது நீ மேலே வந்தாய். “அப்பா, நான் இன்னிக்குப் பாக்கறேன். அப்புறம் ரெண்டு மூணு தடவை அவர்கிட்ட பேசிட்டு என் முடிவைச் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க யாருக்கும் எதுவும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்” என்றாய். “சரிடா, அப்பா இருக்கேன்ல” என்றேன். நான் பெரிதாக வாக்குக் கொடுத்ததும் அவ்வளவுதான், அது நின்றதும் மத்தியானம் வரைக்கும்தான்.

அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை தினேஷ், அவன் அம்மா, கட்டட வேலைக்கு ஜல்லியும் எம்-சாண்டும் விற்கிற அவன் தாய்மாமன், இன்னும் சிலர். நீ காபியோடு வந்தாய், உட்கார்ந்தாய், ஆபீஸில் என்ன வேலை என்று கேட்டதற்கு நன்றாகத்தான் பதில் சொன்னாய். அப்புறம் அந்தத் தாய்மாமன் காலை ஆட்டிக்கொண்டே, “ஆபீஸ்ல ஃப்ரெண்ட்ஸுங்க யாராச்சும் கீறாங்களாம்மா? லவ்வு கிவ்வு எதுனா இருந்தா இப்பவே சொல்லிடு” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். தினேஷும் சிரித்தான். பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் உன் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முதலில் உன் காது, பிறகு கழுத்து, பிறகு கன்னம் இரண்டும். “ஐய, பாரேன், பொண்ணு எப்டி செவந்துகினு வருது” என்றாள் தினேஷின் அம்மா. “எங்க அம்மு அப்படித்தான், ரொம்ப வெக்கம்” என்றாள் என் அக்கா, ஏதோ தானே செய்து வைத்த பலகாரத்தைப் பாராட்டியதுபோல. “புடிச்சிருக்குன்னு மூஞ்சே சொல்லுதே, வாயால வேற சொல்லணுமா? நல்ல நேரம் கீது, பூவை வச்சிட்டே போய்டலாம்” என்று அந்தம்மா முடித்தாள். பூவும் புடவையும் ஏற்கெனவே காரில் இருந்தன.

பூ வைப்பது என்றால் என்னவென்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூ வைத்துப் புடவையைக் கையில் கொடுத்துவிட்டால், பெண் அந்த வீட்டுக்கு என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் பெண் வீட்டுக்குத்தான் கெட்ட பெயர். அதனால்தான் பெண்ணைக் கேட்ட பிறகுதான் வைப்பார்கள். உன்னிடம் யாரும் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தார்கள், அதிலேயே பதிலை எடுத்துக்கொண்டார்கள். அந்தம்மா உன் பின்னால் வந்து நின்று பூவை எடுத்தபோது நீ என்னைப் பார்த்தாய். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். நான் தட்டைக் கீழே வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

கன்னம் சிவப்பதைப் பற்றி நம்மவர்களுக்கு என்ன ஒரு பூரிப்பு. பெண் சிவந்தால் அழகாம், நாணமாம், குடும்பப் பாங்காம். பாட்டெழுதுகிறவர்கள் அத்தனை பேரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஒருத்தருக்காவது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியுமா? எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். வெட்கமே வேண்டியதில்லை. நாலு பேர் நடுவில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். காது மடலில் சூடு பிடிக்கும். ஐயையோ ஆரம்பித்துவிட்டதே என்று நினைத்த அந்த நொடியில் அது இரண்டு மடங்காகும். சிவக்காதே சிவக்காதே என்று உள்ளுக்குள் கெஞ்சினால் கழுத்து வரை இறங்கும். அந்த நேரம் பார்த்து எவராவது ஒரு புண்ணியவான் “என்ன, முகம் இப்படிச் சிவந்துபோச்சு” என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, அதற்கப்புறம் எதிரே பேசுகிறவர் சொல்வது எதுவும் காதில் விழாது. எப்போது எல்லோரும் வேறு பக்கம் திரும்புவார்கள் என்பது மட்டும்தான் மனதில் ஓடும். அந்த நிலையில் இருக்கிற பெண்ணின் தலையில்தான் பூ வைத்தோம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று உன் அத்தை கேட்பாள். எனக்கும் சிவக்கும். பதின்மூன்று வயதிலிருந்து சிவக்கிறது, இன்றைக்கு அறுபத்திரண்டு, இன்னும் நிற்கவில்லை. என் கூடப் பிறந்தவளுக்கே தெரியாமல் எப்படி மறைத்தேன் என்றால், கத்தி மறைத்தேன். முகம் சூடாகிறது என்று தெரிந்ததும் எதையாவது பிடித்துக்கொண்டு சத்தம் போட ஆரம்பித்துவிடுவேன். காபியில் சர்க்கரை அதிகம், வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டான், வரிசையில் ஒருத்தன் நுழைந்துவிட்டான், எதுவாக இருந்தாலும் சரி. சத்தம் போடுகிற ஆம்பிளையின் முகம் சிவந்திருந்தால் யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். கோபக்காரர், முன்கோபி, ஆனால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார் என்று நம் இரும்புலியூர்த் தெருவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறதே, அந்தப் பெயர் முழுக்கப் பொய். முக்கால்வாசி நாள் எனக்குக் கோபமே இருந்ததில்லை. சிவந்த முகத்துக்கு ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த வித்தையை நான் கற்றுக்கொண்ட இடத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. குரோம்பேட்டைத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் நான் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு செம்புக் கம்பிச் சுருள் குறைந்தது. மேனேஜர் எங்கள் நாலு பேரையும் வரிசையாக நிறுத்தி, “யாரு எடுத்தது?” என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் எடுக்கவில்லை. ஆனால் முகம் பார்க்கிறார்கள் என்றாலே எனக்கு ஆகிவிடுமே, ஆகிவிட்டது. அவர் கண் என்மேல் நின்றது. நான் பக்கத்தில் நின்ற தேவராஜ் பக்கம் திரும்பிக் கத்த ஆரம்பித்தேன். “நேத்து கடைசியா பூட்டினது இவன்தான் சார். பாத்துப் பூட்டுடான்னு நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன் சார்” என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேனேஜருக்கு என் சிவந்த முகம் நேர்மையானவனின் ஆத்திரமாகத் தெரிந்துவிட்டது. தேவராஜ் சாவிக்கொத்தை எடுத்து மேஜையில் வைத்தான். அவன் நல்ல கறுப்பு. அவனுக்கும் அப்போது சிவந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவனை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். சுருள் பக்கத்து ஷெட்டில் வேறு சுருள்களுக்கு அடியில் கிடந்தது. திரும்பி வந்தவன் ரிட்டயர் ஆகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் போய்ப் பேசவில்லை. என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவன் முகத்தில் கரி பூசினேன். அன்றிலிருந்து அதுவே எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அதே காரியத்தை உனக்கும் செய்தேன், நினைவிருக்கிறதா? நினைவில்லாமல் எப்படி இருக்கும். ஒன்பதாம் வகுப்பு. யாரோ ஒரு பெண் எழுதிய காதல் கடிதம், பெயர் போடாமல், ஒரு நோட்டுக்குள் இருந்து டீச்சர் கையில் சிக்கியது. அந்த டீச்சரும் வரிசை வரிசையாக முகம் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். நீ சிவந்தாய். என்னைக் கூப்பிட்டார்கள். “மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கு சார், இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். அந்த அறையில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இவளுக்குச் சும்மாவே சிவக்கும் மேடம், எனக்கும் அப்படித்தான். சொல்ல வாயெடுத்தபோது மூன்று டீச்சர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குக் காது சூடாகிவிட்டது. உடனே உன் பக்கம் திரும்பி, “நீதானாடி எழுதின? சொல்லு” என்று பள்ளிக்கூடமே கேட்கும்படி கத்தினேன். மூன்று நாள் கழித்து எழுதிய பெண்ணே ஒப்புக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் யாரும் உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், எதற்கு என்று மட்டும் சொல்லாமல். நீ அதைப் பாதி சாப்பிட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

ஆனால் நீ கெட்டிக்காரி, என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். பிளஸ் டூ படிக்கும்போது செம்பாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். வீட்டுக்காரர் திடீரென்று என் கையில் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, சாம்பார் ஆறிப்போயிருக்கிறது என்று சமையல்காரரைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “அப்பா, உங்களுக்கும் என்னை மாதிரிதான் செவக்குது. அதான் கத்துறீங்க” என்றாய். குற்றம் சொல்வதுபோல் சொல்லவில்லை. துணை கிடைத்ததுபோல் சந்தோஷமாகத்தான் சொன்னாய். நான் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது என்று கத்தி உன்னை அழவைத்தேன். அப்போதும் எனக்குச் சிவந்திருந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் நீ பார்க்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு நீயாகவே மேற்குத் தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனாய். நானும் கூட வந்தேன், பில் கட்டுகிற தோரணையில். அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார். “தோல்ல ஒரு பிரச்னையும் இல்லம்மா. ரத்தக் குழாய் விரியுது. அதை நெனச்சு பயந்தா இன்னும் அடிக்கடி வரும். இதைப் பேசிப் பேசியே சரிபண்ணலாம், ஒரு கவுன்சலர் பேர் எழுதித் தரேன், போய்ப் பாருங்க.” எழுதிய சீட்டை நான்தான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். வெளியே வந்ததும், இதற்கெல்லாம் ஆளைப் போய்ப் பார்ப்பார்களா, நமக்கு என்ன பைத்தியமா, தைரியமாக இருந்தால் எல்லாம் சரியாகும் என்றேன். அந்தச் சீட்டு சட்டையோடு துவைக்கப் போய்க் கரைந்தது. நீ இரண்டு தடவை கேட்டாய். தேடித் தருகிறேன் என்றேன். உன் வாழ்க்கையில் ஒருத்தர் சரியாகக் காட்டிய ஒரே வழியை நான் அடைத்தேன், அம்மு.

நான் தைரியம் தைரியம் என்று சொல்லிக்கொண்டிருந்த வருடங்களில் உன் ஆபீஸில் என்ன நடந்தது என்று உன் அம்மா சொல்லித்தான் தெரியும். மீட்டிங்கில் நெட் சரியில்லை என்று பொய் சொல்லி கேமராவை அணைத்து வைப்பாய். நீ ஆறு மாதம் உட்கார்ந்து செய்த வேலையை எவனோ ஒருவன் எழுந்து நின்று விளக்கிக் கைதட்டல் வாங்கினான், ஏனென்றால் நீ எழுந்து நிற்க மாட்டேன் என்றாய். வருட முடிவில் உன் மேனேஜர், கான்ஃபிடன்ஸ் போதாது என்று எழுதினார். உன் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது தக்காளி தக்காளி என்று கூப்பிட்டு, எத்தனை நொடியில் நீ சிவக்கிறாய் என்று போனில் நேரம் பார்த்துப் பந்தயம் கட்டினார்களாமே. படித்தவர்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவர்கள். எனக்கு அங்கே வந்து ஒவ்வொருவனையும் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் உன்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவர்கள் இல்லை. அதை நம் வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டோம்.

பூ வைத்த அன்று சாயங்காலம் நீ பூவை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய். மறுநாள் ஆபீஸுக்குப் போவதுபோல் கிளம்பினாய், வரவில்லை, அந்த ஒரு வரி மட்டும் வந்தது. அதே நேரத்தில் உன் அத்தை, நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், உன் தலையில் பூ வைக்கிற படத்தைப் போட்டு “எங்கள் வீட்டு வெட்கப்பூ” என்று எழுதியிருந்தாள். அந்தப் படத்தில் உன் கண்ணை யாருமே பார்க்கவில்லையா? இதயம் இதயமாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். நான் அக்காவுக்கு போன் போட்டுக் கத்தினேன். அவளுக்கு இந்தச் சம்பந்தத்தைச் சொன்ன புரோக்கரைக் கூப்பிட்டுக் கத்தினேன். மாவு மெஷின் சத்தத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடக் கத்தினேன். உன் அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். “போதும். நீங்க கத்தறது இப்ப அவளுக்கு எந்த விதத்துல உபயோகம்?” என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, “எனக்குக் கல்யாணமான மூணாவது மாசமே தெரியும். நீங்க கத்தும்போதெல்லாம் நான் உங்க காதைத்தான் பாப்பேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். முப்பத்திரெண்டு வருஷம் ஆச்சு” என்றாள்.

புதன்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குன்றத்தூர் போனேன். அவர்கள் கொடுத்த புடவையை வண்டிப் பெட்டியில் வைத்திருந்தேன். அதை அந்தத் தாய்மாமன் முன்னால் வீசிவிட்டு, நாலு தெருவுக்குக் கேட்கும்படி கத்திவிட்டு வருவதுதான் திட்டம். பாதி வழியில்தான் உறைத்தது. வேண்டும் என்று உன்னைக் கேட்காமல் முடிவு செய்தோம், இப்போது வேண்டாம் என்பதையும் உன்னைக் கேட்காமல் முடிவு செய்யப் போகிறேன். ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்தேன். புடவையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குள் போனேன்.

“இன்னா சார், திடீர்னு? வாங்க, குந்துங்க” என்று தாய்மாமன்தான் வரவேற்றார். தினேஷின் அம்மா தண்ணீர் கொடுத்தாள். எல்லோரும் வந்து எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். ஆரம்பித்துவிட்டது. காது, கழுத்து, எல்லாம். “இன்னா சார், மூஞ்சி இப்டி கீது? வெயில்லயே வந்தீங்களா?” என்றார் அவர். கத்துவதற்கு வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அம்மு. கத்தினால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். நான் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு சொன்னேன். “வெயில் இல்லீங்க. எனக்கு இப்படித்தான் செவக்கும். நாலு பேர் பாத்தா செவக்கும். என் பொண்ணுக்கும் அதே. அன்னிக்கு நீங்க அப்படிக் கேட்டு எல்லாரும் சிரிச்சதுல அவ செவந்தா. அதுக்குப் புடிச்சிருக்குன்னும் அர்த்தம் இல்ல, புடிக்கலன்னும் அர்த்தம் இல்ல. அவ எதுவுமே சொல்லல. அதுக்குள்ள பூ வச்சிட்டோம். அது செல்லாது.”

தினேஷின் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “பூ வச்சாச்சு சார். சொந்தத்துல அல்லாருக்கும் சொல்லிட்டோம். இப்ப வந்து செல்லாதுன்றீங்க” என்றாள். நானும்தான் சொல்லிவிட்டேன், சொன்னவர்களுக்கெல்லாம் நானே திரும்பச் சொல்கிறேன் என்றேன். “இன்னா சார் பேஜார் பண்றீங்க, பொண்ணு வெக்கப்பட்டுச்சா இல்லியான்னு ஒரு பஞ்சாயத்தா?” என்று தாய்மாமன் குரலை உயர்த்தினார். என் முகத்தில் சிவப்பு இறங்கவே இல்லை, ஆனாலும் பேச முடிந்தது. தப்பு உங்களுடையது மட்டும் இல்லை, அவளைப் பெற்றவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தெருவில் வண்டியை எடுக்கும்போது தினேஷ் பின்னாலேயே வந்தான். “அங்கிள், அவங்களுக்கு என்னைப் பிடிக்கலையா?” என்று கேட்டான். அவன் கேட்ட விதத்தில் எனக்கு அவன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. “தெரியாது தம்பி. நான் அவளைக் கேக்கவே இல்ல” என்றேன். அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்பதால் வாய் நிற்காது, இரண்டு விஷயம் சொல்கிறேன். நீ ஒருநாளும் இதைக் கோபத்துக்குள் ஒளித்து வைக்காதே. நான் வைத்தேன், ஒளித்த முகம் யாருக்கும் தெரியவில்லை, என்னையும் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. இன்னொன்று, எனக்கு இப்படித்தான் சிவக்கும் என்று முந்திக்கொண்டு சொல்லிப் பார். சிவப்பு குறையும் என்று சொல்ல மாட்டேன், எனக்குக் குன்றத்தூரில் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால் எதிரே இருப்பவர்களுக்கு அதற்குமேல் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது, நீ சொல்ல வந்ததைச் சொல்லலாம். அந்த டாக்டரிடம் போய்ச் சீட்டை மறுபடி எழுதி வாங்கிவிட்டேன். இரண்டு சீட்டு. ஒன்று இந்த உறைக்குள் இருக்கிறது, இன்னொன்று எனக்கு. இந்தக் கடிதத்தை உன் அத்தை படம் போட்ட அதே குழுவில் போட வேண்டும் என்று எனக்கு வெறியாக இருக்கிறது. நீ சரி என்றால் மட்டும் போடுகிறேன். என் கதையை மட்டும் போடுங்கள் என்றாலும் அப்படியே செய்கிறேன்.

இப்போது குன்றத்தூரிலும் காத்திருக்கிறார்கள், இங்கேயும் காத்திருக்கிறோம். உனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. மேடவாக்கத்திலிருந்தே எழுதி அனுப்பினாலும் சரி, அம்மாவிடம் சொல்லி அனுப்பினாலும் சரி. பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை, இன்னும் தெரியவில்லை, எதுவானாலும் அதை அப்படியே அங்கே போய்ச் சொல்வது என் வேலை. நேரில் வந்து சொல்வதானால் நீ எவ்வளவு சிவந்தாலும் சரி, உன் முகத்தைப் பார்த்து நான் எதையும் முடிவு கட்ட மாட்டேன். வாயால் சொல்லும்வரை உட்கார்ந்திருப்பேன். இருபத்தேழு வருடமாக உன்னை எத்தனையோ தடவை விசாரித்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்கிறேன், அம்மு. உனக்கு இதில் விருப்பம் இருக்கிறதா?

அப்பா